மோடத்துக்குப் பக்கத்தில் அரிவாள்

மாலை ஐந்தேகாலுக்குச் சற்றுப் பின்
பச்சை விளக்கு ஆரஞ்சாகும்,
ஆரஞ்சு அணையும்.
பாலாடைக்கட்டிக் கூட்டுறவின் கணக்கு
பதினாறாம் மாட்டுக்காரரோடு நின்றுவிடும்.

அணைத்து, முப்பது எண்ணி, மறுபடி போடச் சொன்னார்கள்.
போட்டேன்.
நாற்பது எண்ணிப் போட்டேன்.
ஒருநாள் ஆத்திரத்தில் எண்ணாமலே போட்டேன்,
அன்றுதான் வந்தது, பதினோரு நிமிடம்.

வயரை மாற்றினேன். சுவர்ப் பிளக்கை மாற்றினேன்.
மைக்ரோவேவைக் கொட்டிலுக்கு நாடு கடத்திவிட்டு
ஒரு வாரம் ஆறிய சூப் குடித்தேன்.
லிஸ்பனில் ஒரு பதிவுக்குரல்
என் அழைப்பு முக்கியம், மிக முக்கியம் என்றது
இருபத்தாறு நிமிடம்,
நடுநடுவே பியானோ.

கடல் விட்டுக்கொடுத்த ஒரு செவ்வாயன்று
பிக்கோ தீவிலிருந்து படகேறி வந்தார் நோர்பெர்த்து.
காலை பத்து மணி.
வைத்தியர் வாசலில் பல்வலி பறந்துபோவதுபோல
எல்லா விளக்கும் பச்சை.
காப்பி குடித்தார். கருவியின் எண்ணைக் காட்டினார்.
"லைனில் கோளாறே இல்லை, சென்யோரா கிராசியெத்."
திரும்பும் படகு ஐந்து மணிக்கு.
அவர் துறைமுகம் தாண்டியிருப்பார்,
ஆரஞ்சு.

தீவனக் கம்பெனி நாள்காட்டியில்
அறுந்த நேரங்களைக் குறிக்கத் தொடங்கினேன்.
மூடுபனி என்றால் ஒன்பது முறை.
தூறலுக்கு இருபத்திரண்டு.
காய்ந்த கிழக்குக் காற்றில் ஒன்றுமே இல்லை.
ஞாயிற்றுக்கிழமையும் விடாது,
கர்த்தருக்கு உண்டு ஓய்வு, இதற்கில்லை.

பழைய ரேடியோவின் முள்ளை
எந்த நிலையமும் இல்லாத இடத்தில் நிறுத்தினேன்.
இரைச்சலுக்குள்ளே
டிக்.
ஒரு விநாடி.
டிக்.
இருட்டில் யாரோ நகம் வெட்டுகிறார்கள்.

அதை மார்போடு அணைத்துக்கொண்டு
சத்தம் பெருகும் திசையில் நடந்தேன் நனைந்தபடி.
சமையலறையில் முனகியது,
கோழிக்கூண்டருகே பேசியது,
மேட்டில் கற்சுவரைத் தாண்டியதும்
கத்தியது.

எவுசேபியுவின் மின்வேலி.
கறவை முடித்து மாடுகளை மேல்நிலத்துக்கு ஓட்டி
அவர் அதை முடுக்கிவிடும் நேரம் ஐந்தேகால்.
ஈரத்தில் கனத்த ஹைட்ரேஞ்சியாக் கிளையொன்று
கம்பிமேல் சாய்ந்து கிடந்தது, மூன்று நீலப் பூவோடு.
விநாடிக்கொரு தரம் அதன் தண்டில்
அரிசி அளவு வெள்ளைப் பொறி.
தலைக்கு மேலே, தொங்கிப்போன தொலைபேசிக் கம்பி.

டார்ச்சோடு வந்தார்.
அவர் கன்று என் கீரைப்பாத்தியை மேய்ந்த நாளிலிருந்து
ஆறு வருஷமாய்ப் பேச்சில்லை.
"உன் பெட்டியை என்ன பண்ணித் தொலைத்தாய்?
மூன்று மாதமாய் என் போனில் டிக் டிக்."
ரேடியோவை அவர் காதருகே நீட்டினேன்.
கேட்டார். வேலியைப் பார்த்தார்.
"பூவிருக்கும்போது வெட்டக் கூடாது" என்று மட்டும் சொல்லிவிட்டு
மின்சாரத்தை நிறுத்தப் போனார்.
நான் வெட்டினேன்.

மறுநாள் கம்பெனியிலிருந்து செய்தி:
உங்கள் புகார் எங்கள் தரப்பில் சரிசெய்யப்பட்டது.
ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம்?
இரண்டு போட்டேன், பியானோவுக்காக.

பதினேழாம் மாட்டுக்காரர் எவுசேபியுதான்.
மூன்று மாதப் பால் பணம்
அவருக்கு இந்த வெள்ளிக்கிழமை போய்ச் சேர்ந்தது.
கீரைக்கு அவர் இன்னும் தரவில்லை.

இப்போதெல்லாம் தூறல் விழுந்தால்
விளக்கைப் பார்ப்பதில்லை,
ஜன்னல் வழியே மேட்டைப் பார்க்கிறேன்.
மோடத்துக்குப் பக்கத்தில்
சாணை பிடித்த அரிவாள்.