எந்தக் கம்பெனி?

வளைகுடாவில் நான் வாங்கிய முதல் துணி
ஒரு ஸ்வெட்டர்.
வெளியே நாற்பத்தாறு டிகிரி. வகுப்புக்குள் பதினெட்டு.
வெயில் ரொம்பவா என்று அம்மா கேட்கும்போது
மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொல்கிறேன்,
பரவாயில்லம்மா.

விசாவுக்கு ரத்தம் கொடுக்க நின்ற வரிசையில்
முன்னால் நீலச் சட்டைகள்
பின்னால் நீலச் சட்டைகள்
நடுவில் என் கட்டம் போட்ட சட்டை.
"எந்தக் கம்பெனி தம்பி?"
அறந்தாங்கிப் பக்கத்துக் குரல்.
காலேஜ் என்றேன்.
"காலேஜ்ல கிளீனிங்கா?"
இல்லண்ணே, படிக்கிறேன்.
மேலும் கீழும் பார்த்தார்.
இதுக்கா இவ்வளவு தூரம் என்பதுபோல்
கையிலிருந்த தாளை
இன்னொரு தடவை மடித்துக்கொண்டார்.

சித்தப்பாவுக்கும் அதே சந்தேகம்தான்.
சார்ஜாவுக்குப் படிக்கப் போயிருக்கான் என்றால்
சார்ஜா வரைக்கும்தான் அவர் காதில் விழும்.
சென்ட் பாட்டில் மூன்று, கோடாலித் தைலம் ஒரு டஜன்
என்று பட்டியல் வந்திருக்கிறது,
கடைசி வரியில் ஒரு கேள்வியோடு:
மாசம் எவ்வளவு மிஞ்சும்?
மிஞ்சுவது ராத்திரி குப்பூஸ், சித்தப்பா.
நம் வீட்டில் இப்போது ஓவர்டைம் பார்ப்பது
வங்கிக் கடனின் வட்டி மட்டும்தான்.

முவைலாவில் மூன்றாம் மாடி, அறைக்கு மூன்று பேர்.
இந்த செமஸ்டரில் மண் இயக்கவியல்.
பூட்டிய ஜன்னலையும் மீறி வந்த மணலை
விரலில் ஒற்றி நீட்டுவான்
சூடான்காரன் முந்தஸிர்:
இந்தா, பிராக்டிக்கல்.
அவன் ஊருக்கு லைன் கிடைக்காத இரவுகளில்
நான் என் வீட்டுக்குப் பேசுவதில்லை.
அதைப் பற்றி இருவரும் பேசியதுமில்லை.
வெங்காயம் அவன் நறுக்குவான்,
நான் அழுவேன், வெங்காயத்துக்கு.

அரபுத் தேர்வில்
'வீட்டில் தண்ணீர் இல்லை' என்பதற்கு
மாஃபி என்று எழுதி
இரண்டு மதிப்பெண் போனது.
லைஸ என்று வந்திருக்க வேண்டுமாம்.
சிவப்பு மையில் பேராசிரியை கேட்டிருந்தார்:
இதை எங்கே கற்றாய்?

கீழ்த்தளத்து மளிகைக் கடையில், மேடம்.
நெய்னாவிடம்.
என் வயசுதான், கீழக்கரை.
பாகிஸ்தான் டிரைவரோடு உருது,
மாடி வீட்டு எகிப்துக்காரியோடு பாதி அரபு,
போனை வைத்ததும் தனக்குத்தானே தமிழ்.
இலக்கணம் மாஃபி, முஷ்கிலும் மாஃபி.

ஒருநாள் தண்ணீர் கேனைத் தோளிலிருந்து இறக்கிவிட்டு
மேஜைமேல் கிடந்த புத்தகத்தைப் புரட்டினான்.
வரைபடம் வந்த பக்கத்தில் நின்றான்.
"பிளஸ் டூல எவ்வளவு நீ?"
ஐநூத்தி அஞ்சு.
"நான் ஐநூத்தி இருபத்தொண்ணு"
என்று சொல்லிவிட்டு
எட்டு திர்ஹாம் என்றான் அதே மூச்சில்.
பத்தைக் கொடுத்தேன்.
இரண்டைத் திருப்பித் தந்தான்.
லிஃப்ட் கதவு மூடும்வரை
பதினாறு, பதினாறு என்று
எதையோ கழித்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு கேனுக்கு நானே இறங்கினேன்.
பாலுக்கும் நானே. முட்டைக்கும்.
மூன்று மாடி, தோள் வலி,
உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை,
ஏதோ ஒரு கணக்கை நேர் செய்துவிட்டதாக.

மூன்று வாரம் பொறுத்தான்.
நேற்று கல்லாவுக்குப் பின்னாலிருந்து கேட்டான்:
"லிஃப்ட் ஓடுதுல்ல?"
ஓடுது.
"அப்புறம் என்னத்துக்கு நீ வர்றே?
டெலிவரிக்குத்தான்டா எனக்கு ஒரு திர்ஹாம்,
ரெண்டு திர்ஹாம் கையில நிக்கும்.
உன் ரூம்ல மட்டும் மூணு பேரு."

எடுத்த தயிரை அலமாரியில் திரும்ப வைத்தேன்.
மேலே வந்து
ஸ்வெட்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு
போன் செய்தேன்.
ஹலோ, மூவாயிரத்து நாலுல இருந்து
என்று பதற்றத்தில் உளறி,
முந்நூற்று நாலு என்று திருத்தி,
ஒரு தயிர், என்றேன்.
"வேற?"
யோசித்தேன்.
வேற மாஃபி.