வியாழன் வரை

முள்வேலி கிழித்தது சனிக்கிழமை.
செவ்வாய் இரவு பார்த்தால்
பின்னங்கால் ஓரவிரல்
நாவற்பழமாய் வீங்கியிருக்கிறது.
மருத்துவரின் வண்டி வருவது வியாழன்தான்.
அதுவும் பத்தகோனியக் காற்று
சாலையை விட்டுவைத்தால்.

எலெயுத்தேரியோ மாத்தே கெண்டியில் நீரைச் சுடவைத்து
உப்பைக் கரைத்து
முழங்கையை நனைத்துப் பார்க்கிறார்.
மகளைக் குளிப்பாட்டிய நாளில் பார்த்த அதே சூடு.

"வா, தீசா."
மேசைக்கடியில்
வால் மட்டும் ஒருமுறை தரையைத் தட்டியது.
அவரே தவழ்ந்து போனார்,
முட்டிகள் இரண்டும் முனக.

நக வேரை அழுத்தியதும்
பற்கள் வந்து மணிக்கட்டைப் பற்றின.
கடிக்கவில்லை.
பற்றியபடியே இருந்தது.
அவரும் அழுத்துவதை விடவில்லை.

மஞ்சள். பிறகு சிவப்பு. பிறகு
குருணையளவு துருக்கம்பி.

கம்பளி கத்தரிக்கும் கொட்டகையில்
ஒருவரும் கேட்டிராத குரலில்
திட்டினார்:
திருட்டுக் கழுதை, சோம்பேறி,
என் கண்ணு.

மகள் விட்டுப்போன பச்சைக் காலுறை
விரலுக்குக் காவல்.

விடிந்தபோது அது
கதவோரம் கிடந்தது, எச்சிலில் ஊறி.
தீசா மூன்று கால் ஊன்றி
நாலாவதை
தரையில் வைத்துப் பார்த்தது,
எடுத்தது,
மறுபடி வைத்தது.

இன்னும் ஒரு நாள்.
கெண்டியில் இன்று மாத்தேக்கு
உப்புக் கரித்தது.