பொருள்: ஒளித்துவைக்க அனுமதி கோருதல் – தொடர்பாக

ஐயா,
என்று தொடங்கி நிறுத்தினேன்.
ஜியோகேஷ் என்பதற்குத் தமிழில் என்ன எழுதுவது?
புதையல் என்றால் தொல்லியல் துறை வரும்.
பெட்டி என்றால் போலீஸ் வரும்.
'சிறு டப்பா ஒன்று' என்று எழுதினேன்.
உள்ளே விரல்நீள நோட்டு ஒன்று,
பென்சில் ஒன்று.
ரப்பர் கிடையாது.

தாம்பரத்துக்கு இப்பால்,
மின்சார ரயிலின் சத்தம்
வகுப்புக்குள் வந்து 'உள்ளேன் ஐயா' சொல்லும் கல்லூரி.
இயற்பியல் சோதனைக்கூடத்தில் நான் உதவியாளர்.
பதினோரு வருடத்தில்
ஒரு குண்டூசி லென்ஸைக்கூடத் தொலைத்ததில்லை.
எதையும் ஒளித்ததுமில்லை.

எஸ்டேட் அதிகாரி அருள்தாஸ்
மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"உள்ள என்ன?"
ஒண்ணுமில்ல சார், நோட்டு.
"ஒண்ணுமில்லாதத ஏம்மா ஒளிக்கணும்?"
யாராவது கண்டுபிடிக்க.
"யாரு?"
தெரியாது சார். போன்ல எண் பாத்துக்கிட்டு வருவாங்க.
"வந்து?"
பேர் எழுதிட்டு, இருந்த எடத்துலயே வெச்சிட்டுப் போவாங்க.
"எடுத்துட்டுப் போக மாட்டாங்க?"
மாட்டாங்க சார்.
மின்விசிறி ஒரு சுற்று முனகி முடிக்கும்வரை
என்னையே பார்த்தார்.
"இந்த ஊர்ல?"

கேட்பாரற்றுக் கிடக்கும் பொருளைத் தொடாதீர்கள் என்று
பிளாட்பாரம்தோறும் மூன்று மொழியில் சொல்லும் ஊர்.
செக்யூரிட்டி மேலாளர் அதைத்தான் நினைவூட்டினார்.
உள்ளிருப்பது வெளியே தெரிய வேண்டுமாம்.
பாரிமுனைக்குப் போய்
கண்ணாடிபோல் ஒரு டப்பா வாங்கி வந்தேன்,
ஒளித்துவைக்க.

கமிட்டி கூடியது. நிபந்தனை வந்தது:
'இங்கே டப்பா ஒளித்துவைக்கப்பட்டுள்ளது'
என்று அருகிலேயே பலகை வைக்க வேண்டும்.
அந்த ஒரு வரியை எடுக்கவைக்க
எனக்கு இரண்டு வாரம்.

பிறகு கோப்பைக் காணவில்லை.
"இங்கதான் எங்கயோ இருக்கு, தேடுங்க,"
என்றார் சி பிரிவு பத்மாசனி.
ஆட்டத்தின் விதி
இந்த வளாகத்தில் முதலில் புரிந்தது அவருக்குத்தான்.

ஐப்பசி மழை இரண்டு சுற்று அடித்து ஓய்ந்தபின்
ஆணை கையில் கிடைத்தது.
வடக்கே பதின்மூன்று டிகிரிக்குக் கொஞ்சம் மிச்சம்,
கிழக்கே எண்பதுக்கும் அப்படியே,
தசமப்புள்ளிகூடத் தவறாமல்.
'ஒளித்து' மேல் வட்ட முத்திரை விழுந்து
'ஒளி' மட்டும் வெளியே தெரிந்தது.

ஆண்கள் விடுதியின் பின்புறம், பழைய பம்ப் ரூம்.
வெள்ளம் வந்த வருடத்துக் கோடு
சுவரில் இன்னும் மங்கவில்லை.
அதற்கு ஒரு சாண் மேலே, ஆடும் செங்கல்.
சனிக்கிழமை சாயங்காலம் உருவினேன்.

ஏற்கனவே ஆள் இருந்தது.

ரப்பர் பேண்டு போட்ட பால் கவர்.
கவரின் ஊடே
உள்ளங்கையளவு கண்ணாடித் துண்டு.
பாதி தேய்ந்த உதட்டுச்சாயம்.
சாந்துப்பொட்டுக் குப்பி.
நாலாய் மடித்த ஐம்பது ரூபாய்.
கையெழுத்துப் போட நோட்டு இல்லை,
தேதி இல்லை,
மனுவும் ஆணையும் இல்லை.
தூசியும் இல்லை. நேற்றுக்கூடத் திறந்திருக்கலாம்.

மீனம்பாக்கத்தில் இறங்கப்போகும் விமானமொன்று
தலைக்குமேல் தாழ்ந்து போனது.
இரண்டாம் மாடியில்
யாரோ ஈரத்துண்டை உதறும் சத்தம்.
நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

செங்கல்லைத் திரும்பச் செருகினேன்.
முன்பு அரை அங்குலம் வெளியே நீட்டியிருந்தது.
அந்த அரை அங்குலத்தையும் அப்படியே விட்டேன்.

திங்கட்கிழமை மறுபடி:
ஐயா, பார்வையில் கண்ட ஆணையில்
இடமாற்றம் கோருதல்.
காரணம் என்ற கட்டத்தில்
'சுவரில் கசிவு' என்று எழுதி நீட்டினேன்.

"கசிவுன்னு போட்டா
இன்ஜினியர் வந்து சுவர இடிப்பாரு,"
என்றார் பத்மாசனி, தலையைத் தூக்காமல்.
பேனாவை என் பக்கம் உருட்டிவிட்டார்.
வேறு எதுவும் கேட்கவில்லை.

அடித்துவிட்டு எழுதினேன்:
'சிக்னல் கிடைக்கவில்லை.'

அதைப் போய்ச் சரிபார்க்க
இந்தக் கல்லூரியில் என்னைத் தவிர ஆள் கிடையாது.