தீயணைப்பு மணல்

வான்வழியை மூடிவிட்டார்கள் என்றார்கள்.
வானத்துக்கு ஏது கதவு என்று கேட்க நேரமில்லை.
அதற்குள் பதினொரு விமானங்கள்
அல்மாத்தியில் இறங்கி நின்றன,
அழையா விருந்தாளிகளாய், பசியோடு.

பயணிகளுக்குப் போர்வை, ரொட்டி, வரிசை.
என் சரக்குக் கொட்டகைக்கு
வாடத் தொடங்கிய ரோஜா நானூறு பெட்டி,
எண்ணெய்த் தாள் சுற்றிய பல்சக்கரம் ஒன்று,
ஒரு நாய்.

கூண்டின் மேல் ஒட்டியிருந்தது:
பெயர் சிர்ரி. பெண். வயது நான்கு.
ஷார்ஜாவிலிருந்து பெர்கன்.
மயக்கமருந்து கொடுக்கவில்லை.
நல்லது.
அந்த உயரத்தில் மயங்கிய நாய்
மூச்சுவிட மறந்துபோகும்.

கிண்ணத்துத் தண்ணீரை உறையவைத்து அனுப்பியிருந்தாள் உடையவள்,
தளும்பாமல் சொட்டுச் சொட்டாய் உருகட்டுமென்று.
அடியில் அவள் உடுத்திக் கழற்றிய சட்டை.
கம்பிக் கதவின் நான்கு மூலையிலும் நெகிழிக் கட்டு.
இத்தனை யோசித்தவள்
இந்த ஊரை யோசிக்கவில்லை.
யார்தான் யோசிப்பார்?

படிவத்தில் ஐந்து கட்டம்:
நேரம், தண்ணீர், தீனி, கழிவு, குறிப்புகள்.
பத்தொன்பது மணிநேரமாக
நான்காவது கட்டம் வெள்ளையாகவே இருந்தது.
விரித்த பஞ்சுத்திண்டும் அப்படியே.

பாகூவில் மாட்டிக்கொண்ட இங்க்ரி
தொலைபேசியில் முதலில் கேட்டதும் அதையே.
சாப்பிட்டாளா என்றில்லை, அழுகிறாளா என்றில்லை.
"போனாளா?"
இல்லை என்றேன்.
அந்தப் பக்கம் நாற்காலி கிரீச்சிட்டது.

கட்டை அறுக்க இரண்டு கையெழுத்து வேண்டும்.
மருத்துவர் லியுத்மிலா கேட்டதும் போட்டார்.
சுங்கத்துச் சபர் பேனாவைத் தேடினார்,
பிறகு கண்ணாடியை, பிறகு சட்டப்பிரிவை.
பயணம் என்று பொருள்படும் பெயர் அவருக்கு;
இந்த மாகாணம் தாண்டியதில்லை.
சிர்ரி ஒருமுறை முனகினாள்.
பேனா சட்டைப்பையிலேயே இருந்தது.

மெலிந்த நெடுங்கால்கள், நடுங்குகின்றன.
கான்கிரீட்டில் நின்றாள். மாட்டேன்.
வெளியே பனியில் நிறுத்தினோம்.
முகர்ந்தாள், தும்மினாள்,
ஒவ்வொரு பாதமாய்த் தூக்கி எங்களிடமே திருப்பித் தந்தாள்.
மண்வெட்டியால் பனியை விலக்கி
வாகனத் தரிப்பிடத்து ஓரப் புல்லை
பாளமாய் வெட்டிக்கொண்டு வந்தேன்.
என் முதுகு பிடித்ததுதான் மிச்சம்.

விடியும்வரை பார்ப்போம் என்றார் லியுத்மிலா.
பிறகு குழாய்தான்.
சொல்லிவிட்டுத் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார்.

சுவரில் சாய்ந்தேன்.
தலையில் ஏதோ இடித்தது:
சிவப்பு வாளி. வரிசையாய் ஆறு.
ஒன்பது வருடமாய் அவற்றின் கீழே நடக்கிறேன்,
தீப்பிடித்தால் மணல் என்று மட்டும் தெரியும்.
ஷார்ஜா, என்றேன் சத்தமாக.
சபருக்குப் புரிந்துவிட்டது, எனக்கு முன்பே கொக்கியைக் கழற்றினார்.

அரை வாளி கொட்டினோம்.
சிர்ரி மூக்கை வைத்தாள்.
முன்காலால் ஒரு கீறு, இன்னொரு கீறு,
மூன்று சுற்றுச் சுற்றி
எவர் முகத்தையும் பாராமல் பின்கால் மடக்கி
பெய்தாள்.
பெய்தாள், பெய்தாள்,
கோடை முழுக்க ஏய்த்த வானம்
ஒரே மாலையில் கணக்குத் தீர்ப்பதைப் போல.
சபர் தொப்பியைக் கழற்றினார்.
ஏன் என்று அவருக்கே தெரியாது.

இங்க்ரியிடம் சொன்னபோது
பாகூவில் யார் யாரோ கைதட்டியது கேட்டது.

மூன்றாம் நாள் வானம் திறந்தது.
புதுத் திண்டின் மேல்
ஒரு பிடி மணல் தூவி அனுப்பினேன்.
விதியில் அப்படி இல்லை;
கூடாது என்றும் இல்லை.

வியாழக்கிழமை தீயணைப்பு ஆய்வாளர் வந்து
நான்காவது வாளியை ஏன் தட்டிப் பார்த்தார், கடவுளுக்கே வெளிச்சம்.
அவருடைய பேரேட்டிலும் ஒரு குறிப்புக் கட்டம் இருந்தது.
எழுதினேன்:
அரை வாளி பயன்பட்டது.
அவசரம் உண்மையானது.