மதிலுக்கு அடியால்

கதவிலக்கம் தெரியவில்லை என்று
இரண்டு தரம் திரும்பிப் போன தபால்காரர்
மூன்றாம் தரம் சைக்கிள் மணியடித்தார்.
கடிதம் இல்லை.
"மிஸ், உங்கட கேற்றைக் காணேல்லை"
என்று சொல்லத்தான்.

முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு எட்டு மாதம்
மாடியிலிருந்தே பார்த்தேன் வளவை.
மேலிருந்து பார்த்தால் எல்லாம் பச்சை, எல்லாம் வடிவு.
கிருலப்பனைக் கால்வாயின் நாற்றம்கூட
அதற்குள் வடிகட்டித்தான் வருகிறது என்று
தங்கைக்குத் தொலைபேசியில் பெருமையடித்தேன்.

பிறகு சுகாதாரப் பரிசோதகர் வந்தார்.
புதருக்குள் டோர்ச் அடித்து
ஒரு சிரட்டை, மூன்று யோகட் கோப்பை,
என் பழைய ஹெல்மெட், எல்லாம் வெளியே எடுத்தார்.
ஹெல்மெட் தண்ணீரில் நுளம்புக் குடம்பிகள்
தலைகீழாய்த் தொங்கி மூச்சு வாங்கின.
பதினான்கு நாள் என்றார்.

முதலில் கினிப்புல்.
ஆளை மறைக்கும் உயரம், பிளேட் விளிம்பு.
வெட்டினால் போதும் என்று நினைத்தேன்.
நாலாம் நாள் வெட்டிய இடத்திலிருந்து
விடை தெரிந்த பிள்ளை கை தூக்குவதுபோல்
நிமிர்ந்து நின்றது.
பியதிலக்க சிரித்தார். "வேரை எடுக்கணும், நோனா."
ஒரு தூரைக் கிளப்ப
அலவாங்குக்கு அரை மணித்தியாலம்,
அவருக்கு இரண்டு தேத்தண்ணி,
பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு ஒரு பனடோல்.

மாமரத்தை மூடியிருந்தது இதய இலைக் கொடி.
பெயர் கேட்டேன்.
"வத்துபாலு."
வத்து என்றால் தோட்டம். பாலு என்றால் பாழ்.
ழகரத்தை எங்கேயோ வழியில் தொலைத்துவிட்டு
எங்கள் சொல்போல ஒன்று
அடுத்த மொழியில் ஏறிப் படர்ந்திருக்கிறது.
எது எந்த வேலியை முதலில் தாண்டியது என்று
யாரும் எழுதி வைக்கவில்லை.

அந்நிய ஆக்கிரமிப்பு இனங்கள்
என்றது பியதிலக்க கொண்டுவந்த துண்டுப் பிரசுரம்.
அந்தச் சொல்லில் என் விரல் கொஞ்சம் நின்றது.
இந்த வீட்டில் யார் யார் தங்குகிறோம் என்று
பொலிசுக்குப் படிவம் நிரப்பிய வருடங்களில்
'நிரந்தர முகவரி' என்ற கோட்டுக்கு மேலே
பேனை நின்றதுபோல.
போதும்.
இது செடி.
மாமரத்துக்கு மூச்சு முட்டுவது
உவமையில் அல்ல.

மதிலோரம் முழுக்க மஞ்சள் பூ. அருணாதேவி.
இதைக் காற்று கொண்டுவரவில்லை.
பத்தரமுல்லையில் ஒரு அலுவலக வாசலில்
யாரும் பார்க்காத நேரம் ஒரு கணு கிள்ளி
ஈரக் கைக்குட்டையில் சுற்றி
பஸ்ஸில் நின்றபடி கொண்டுவந்தவள் நான்.
யோகட் கோப்பையில் ஊன்றி
பிடிக்குமோ பிடிக்காதோ என்று
காலையும் மாலையும் தண்ணீர் விட்டேன்.
பிடித்தது.

கணுவுக்குக் கணு வேர்.
ஒன்றைத் தவறவிட்டால் ஒரு வருடம் தவறும்.
பிடுங்கியதைக் கால்வாயில் போடக்கூடாது,
கறுப்புப் பையில் இறுக்கிக் கட்டி
சீமெந்துத் தரையில் வெயிலுக்கு அவிய விடவேண்டும்.
ஏழு பை அவிந்தது.
எட்டாவதுக்கு இழுத்த கொடி
மதிலுக்கு அடியால் போனது.
இழுத்தேன். வரவில்லை.
பலமாய் இழுத்தேன்.
அந்தப் பக்கம் யாரோ
அதைவிடப் பலமாய் இழுத்தார்கள்.

"கவுத?" மல்காந்தியின் குரல்.
"நான்தான்" என்றேன், மறந்துபோய்த் தமிழில்.
கொடி நடுவில் அறுந்து
இரண்டு பேரும் அவரவர் மண்ணில் குந்தினோம்.
எங்கேயிருந்து வந்ததோ இந்தச் சனியன் என்று
மதிலுக்கு மேலால் முகம் காட்டிக் கேட்டாள்.
மழையோடு வந்திருக்கும் என்றேன்.

பதினான்காம் நாள் பரிசோதகர் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கையுறை போட்டுக்கொண்டு
அவள் வளவுக்குப் போனேன். உதவி என்று சொன்னேன்.
பின்னேரம்வரை கணுக்கணுவாய்க் கிளறினேன்.
இந்தக் காலோடு இவ்வளவு நல்ல மனசா என்று
பிளேன்ரீயும் பனங்கட்டித் துண்டும் தந்தாள்.
கடித்தபடி நிமிர்ந்தேன்.
அவளுடைய மற்ற மதிலுக்கு அப்பால்
வாசல் நெடுக
மஞ்சள்.
அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று
எனக்குத் தெரியாது.