அம்புக்குறி

ஏழரைக்கே ட்யூப்லைட்டைப் போட்டு
மேசைமேல் பனியனை விரித்துவிடுவேனுங்க.
பதினாறு வருசமாக இதுதான் பொழப்பு,
புதுத் துணியில் ஓட்டை தேடுவது.
ஊசிமுனை அளவு போதும்,
சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றைக் கிள்ளி
ஓட்டைக்கு நேராக ஒட்ட வேண்டும்.
"எங்க இருக்குதுன்னு காட்டாம
கெட்டுப்போச்சு கெட்டுப்போச்சுன்னா
டைலர் எதையம்மா தைப்பான்?"
சூப்பர்வைசர் சென்னியப்பன் கத்தியது
புதிதாக வந்த பிள்ளையிடம்.
சுருக்கென்றது எனக்கு, ஆண்டவரே.

உங்களிடம் நானும்
அப்படித்தானே பேசிக்கொண்டிருந்தேன்?
குடும்பத்தை ஆசீர்வதியுங்க,
சமாதானம் தாங்க, தடையெல்லாம் நீக்குங்க.
போயம்பாளையத்துத் தகரக்கூரை ஜெபவீட்டில்
எல்லாரும் கேட்பதை எல்லாரோடும் கேட்டு
முக்காடு நனைய அழுதுவிட்டு
பஸ் ஏறினால்
என்ன கேட்டேன் என்பதே நினைவிருக்காது.

அன்று ரவைக்கு முதல் அம்பை ஒட்டினேன்.
ஒபேத், என்றேன். என் மகன்.
மறுநாள் அது போதவில்லை.
ஒபேத் என் போனை எடுக்கோணும், என்றேன்.
அதுவும் அகலமாகத் தெரிந்தது.
சனிக்கிழமை, சம்பளம் வாங்கின பொழுதோட,
எட்டு மணிக்கு
அவன் கட்டைவிரல் பச்சைப் பக்கம்
நகரோணுங்க.

இத்தனை சின்னதாகவா கேட்பது என்று
போதகரம்மா சிரித்தார்.
உலகம் பூராவுக்கும் கேட்க
அவர் இருக்கிறார்.

ஆல்டருக்குப் போன பீஸ்
மறுபடி என் மேசைக்குத்தான் வரும்.
அம்பைப் பிய்த்துப் போட்டுவிட்டுத்
தைக்காமலே அனுப்பியிருப்பார்கள், சில நேரம்.
நான் இன்னொன்றை ஒட்டுவேன்.
மூன்றாம் தரம் கோபம் வரும்,
ஐந்தாம் தரம் சிரிப்பு.
அதற்கும் மேலே போனால்
அந்தத் துணி எனக்கு உறவாகிவிடும்.
சனிக்கிழமைகளும் அப்படித்தான்.
ஆவணியில் நாலு.
ஐப்பசி மழையில் கரண்ட் போன இரவு ஒன்று.
நொய்யலில் நுரை மிதந்த வாரம் ஒன்று.
பொங்கலுக்குக் கம்பெனி பூட்டி
ஊரே ஊருக்குப் போயிருந்தபோது ஒன்று.
"நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர்..."
அந்தப் பெண் சொல்லி முடிக்கும்வரை
வைக்க மாட்டேன்.
அவளுக்காகவும் ஒரு வரி
ஜெபிக்க ஆரம்பித்திருந்தேன்.

மாசியில் ஒருநாள்
முழங்காலில் இருக்கும்போதே
அம்பு கோணிக்கொண்டது.
அவன் விரலை விட்டுத் திரும்பி
என் வாய்க்கு நேராக வந்து நின்றது.

உங்களுக்குத் தெரியுமுங்க.
அவன் அப்பாவை அடக்கம் பண்ணின மூன்றாம் நாள்,
சோறு வேண்டாமென்று அவன் தட்டைத் தள்ளினபோது,
"அவருக்குப் பதிலா நீ போயிருக்கலாம்டா"
என்று சொன்ன வாய்.
இத்தனை மாதமும்
அந்த இடத்தைக் கையால் மறைத்துக்கொண்டு
பக்கத்திலேயே ஒட்டிவந்திருக்கிறேன்.

அதை உங்களிடம் சத்தமாகச் சொல்ல
நாலு இரவு பிடித்தது.
முதல் மூன்று இரவும்
காரணம்தான் சொன்னேன்.

அடுத்த சனி, எட்டு மணி.
மணி அடித்தது, நின்றது.
அந்தப் பெண் வரவில்லை.
தறிச் சத்தம் வந்தது.
சோமனூரோ பல்லடமோ,
ஏதோ ஒரு ஷெட்டில்
நாடா போய் வந்துகொண்டிருந்தது.
நடுவில் ஒரு மூச்சு.
"தப்பு என்னுது கண்ணு" என்றேன்.
கேட்டது அவனுக்கா தறிக்கா, தெரியாதுங்க.
நாற்பத்தோரு விநாடி என்று
போன் காட்டியது.

சாட்சி சொல்லச் சொல்கிறார்கள் ஜெபவீட்டில்.
என்னவென்று சொல்ல?
என் மகன் தறி ஓட்டுகிறான்,
உயிரோடிருக்கிறான்,
வைக்குமுன் நாற்பத்தோரு விநாடி
வைக்காமல் இருந்தான்.

வரும் சனிக்கு
வேறு அம்பு எடுத்து வைத்திருக்கிறேன்.
அவன் ஒரு வார்த்தை பேசோணுங்க.
'ம்' என்றாலும் சரி,
அதையும் வார்த்தைக் கணக்கில்
சேர்த்துக்கொள்ளுவேன்.