குஞ்சப்பனைக்குக் கீழே

அப்பா குடிக்க மாட்டார்.
இதை முதலில் சொல்லிவிடுகிறேன்,
எங்கள் லைனில் எல்லோரும்
முதலில் இதைத்தான் சொல்வார்கள்.
பீடி இல்லை, சீட்டு இல்லை,
இலை எடை போடுகிற இடத்தில்
கால் கிலோ ஏமாற்றியதில்லை.
தங்கமான மனுசன்,
நீதான் கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும் தவமலர்.

கேட்டுக் கேட்டுத்தான் வளர்ந்தேன்.
அவர்கள் சொன்னதை அல்ல,
கதவுக் கொண்டியை.
மெதுவாக விழுந்தால் சோறு போடலாம்.
ஒரே அடியாக விழுந்தால்
குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட வேண்டும்,
தண்ணீர் வராத நேரமாக இருந்தாலும்.
தட்டை வைக்கிற சத்தம் ஒன்று.
தட்டை நகர்த்துகிற சத்தம் வேறு.

தாள்களை எடுக்க மூன்று மாதம் ஆனது.
பீரோவில் பச்சை ஃபைலில் இருந்தன:
ஆதார், சாதிச் சான்றிதழ், பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட்.
மாதம் ஒன்றாக எடுத்தேன்.
எடுத்த இடத்தில் கலர் ஜெராக்ஸ் வைத்தேன்,
அதே மடிப்பு, அதே துருப்பிடித்த கிளிப்.
ஜெராக்ஸ் கடை அக்கா பத்து ரூபாய் குறைத்துக்கொண்டாள்,
எதற்கென்று கேட்கவில்லை.
கேட்டிருந்தால் அழுதிருப்பேன்.
நல்ல வேளை, கரண்ட் போய் வந்தது,
அவள் மெஷின் பக்கம் திரும்பினாள்.

கேரட் கழுவப் போன கூலியில்
ஒளித்தது இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது.
நாப்கின் பாக்கெட்டுக்குள் வைத்திருந்தேன்.
அந்த வீட்டில்
அப்பா தொடாத ஒரே பொருள் அது.

ஜனவரி. நாலே முக்கால்.
பையில் இடமில்லாமல்
இரண்டு ஸ்வெட்டரையும் மாட்டிக்கொண்டேன்.
புல்லெல்லாம் உறைபனி;
மிதித்தால் நொறுங்குகிற சத்தம் கேட்கும் என்று
வாய்க்கால் ஓரத்துச் சேற்றில் நடந்தேன்.

திருப்பத்தில் காட்டெருமை நின்றது.
தனியாக, பாதையை அடைத்துக்கொண்டு.
மூச்சு புகையாக எழுந்து கலைந்தது.
அதற்கு அவசரம் ஒன்றுமில்லை.
எனக்கு ஐந்தேகால் பஸ்.
ஓடக்கூடாது, முதுகு காட்டக்கூடாது, கத்தக்கூடாது.
இதெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை எனக்கு.

அப்போதுதான் பின்னால்
எங்கள் வீட்டு விளக்கு எரிந்தது.
தகரத்துக்குக் கீழே மஞ்சளாக ஒரு சதுரம்,
அதில் ஒரு தலை.
எவ்வளவு நேரம் என்று தெரியாது.
பிறகு விளக்கு அணைந்தது.
கதவு திறக்கவில்லை.

அம்மாதான் என்று சில நாள் நினைப்பேன்.
தண்ணீர் குடிக்க எழுந்த அப்பா என்று சில நாள்.
போனில் கேட்கலாம்.
கேட்டதில்லை.

எருமை டீச்செடிக்குள் இறங்கிப் போனது,
அத்தனை கிளைகளையும் ஒடித்துக்கொண்டு,
யார் எழுந்தாலும் எழட்டும் என்பதுபோல.

பஸ்ஸில் காது அடைத்துக்கொண்டது.
வளைவுக்கு வளைவு டிரைவர் அடித்த ஹாரன்
தலையணைக்குள் யாரோ பேசுவதுபோல் வந்தது.
முன் சீட்டில் ஒரு பையன்
கையில் எலுமிச்சம்பழத்தோடு வாந்தி எடுத்தான்.
அவன் அம்மாவின் வாய் அசைந்தது.
திட்டுகிறாளா, தேற்றுகிறாளா,
பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக
என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

குஞ்சப்பனைக்குக் கீழே முதல் ஸ்வெட்டரைக் கழற்றினேன்.
பாக்குத் தோப்பு தெரிந்ததும் இரண்டாவதை.
இரண்டும் மடியில் கிடந்தன,
என் வியர்வையும் எங்கள் அடுப்புப் புகையும் மணக்க.

மேட்டுப்பாளையத்தில் எச்சில் விழுங்கியபோது
டப்பென்று காது திறந்தது.
காய்கறி லாரி, பரோட்டாக் கல்,
காந்திபுரம் காந்திபுரம் காந்திபுரம்.
டீக்கடையில் பக்கத்தில் நின்றவர் கையிலிருந்து
கிளாஸ் நழுவி உடைந்தது.

“நான் இல்ல” என்றேன்.

யாரும் கேட்கவில்லை.
கடைப்பையன் துடைப்பத்தோடு வந்து
“கால் தூக்குங்கக்கா” என்றான்.
தூக்கினேன்.

டீ பன்னிரண்டு ரூபாய்.
தூள் மட்டம், வெறும் டஸ்ட்.
எங்கள் மலையிலிருந்துதான் இறங்கியிருக்கும்.
முழுக்கக் குடித்தேன்.